மூன்றாம் டிவிஷன் இரண்டாம் டிவிஷன் ஆகிவிட்டது: வெளிவந்த பாட்டைத் திருத்த முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஓய்வு நேரத்தில் ஏழு பேர் கொண்ட உருமி மேளக் குழு. தைப்பூசத்துக்கு முன்பு இவர்கள் ஒரு மாரியம்மன் பாட்டை வெளியிட்டார்கள். வரிகளை எழுதியவர் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர், இப்போது வயது 71. தொண்ணூறுகளில் தோட்டத் திருவிழாவுக்காகத் தானாக எழுதியது. குழுப் பணத்தில் 1,500 வெள்ளி கொடுத்து ஊரிலேயே ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோக்காரர் தன் டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) கணக்கு வழியாகவே ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டார். ஸ்பாட்டிஃபையில் மட்டும் 38,000 தடவை ஓடியிருக்கிறது.

சிக்கல்கள் நான்கு. பாடகியின் பெயரில் உள்ள ழகரத்தை ரோமன் எழுத்தில் 'எல்' போட்டு எழுதியதால், அவருடைய பழைய பாட்டுகள் ஒரு பக்கத்திலும் இது வேறொரு பக்கத்திலும் நிற்கின்றன. பாடலாசிரியர் இடத்தில் பெரியவர் பெயர் இல்லை, ஸ்டூடியோக்காரர் பெயர் இருக்கிறது. மூன்றாவது சரணத்தில் "மூணாம் டிவிஷன் தாயே" என்று வரவேண்டிய இடத்தில் "ரெண்டாம் டிவிஷன்" என்று பாடியிருக்கிறார்கள். டிவிஷன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு, கோயில் முன்பு இருந்தது மூன்றாம் டிவிஷனில். (இரண்டாம் டிவிஷன்காரர்களுக்கு இதில் பரம சந்தோஷம் என்று எழுதியிருக்கிறார்.) கடைசியாக, கோயில் கமிட்டி யூடியூபில் போட்ட திருவிழா வீடியோவுக்கே காப்பிரைட் கிளெய்ம் வந்திருக்கிறது.

"ஸ்டூடியோ அண்ணனைக் கேட்டால், பாட்டு போய்ச் சேர்ந்துடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது, எப்படியும் கணக்கு என் பேர்ல, பாட்டும் என் லேபிள்தான் என்கிறார். அதனால் அவரை டிலீட் பண்ணச் சொல்லிவிட்டு எங்கள் பேரில் புதிதாக ஏற்றலாம் என்றிருக்கிறோம். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் ஏழு வாரம்தான். சரிதானே?" என்று கேட்கிறார்.

தம்பி, சரியில்லை. இதைப் படித்து முடிக்கும்வரை யாரையும் டிலீட் பொத்தானில் கை வைக்க விடாதீர்கள். அந்த அண்ணன் சொன்னதில் முதல் பாதி தவறு, இரண்டாவது பாதி பெரும்பாலும் தவறு. ஆனால் அழித்துவிட்டு ஏற்றலாம் என்ற உங்கள் யோசனைதான் இருப்பதிலேயே அதிக நஷ்டம் தருவது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொட்டலம் அனுப்புகிறார். அதில் ஒலிக்கோப்பு, அட்டைப்படம், விவரத்தாள் மூன்றும் இருக்கும். டிடெக்ஸ் என்ற பொது வடிவத்தில் போகும் அந்த விவரத்தாளில் பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், மொழி, வெளியீட்டுத் தேதி, உரிமையாளர் யார் என்ற வரி எல்லாம் அடங்கும். இது ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த திருவிழா நோட்டீஸ் அல்ல. கோயில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை மாதிரி. பலகை ஒன்றல்ல, பல வாசல்களில் பல பலகைகள், அவ்வளவுதான். திருத்திய தாளை டிஸ்ட்ரிபியூட்டர் மறுபடி அனுப்பினால் ஒவ்வொரு தளமும் தன் வேகத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டும். சில இடத்தில் இரண்டு நாள், சில இடத்தில் இரண்டு வாரம். ஆப்பிளில் மாறி ஸ்பாட்டிஃபையில் மாறாமல் இருந்தால் பதறவேண்டாம்.

ஒரு நிபந்தனை உண்டு. எந்தக் கணக்கிலிருந்து பாட்டு போனதோ அந்தக் கணக்கிலிருந்துதான் திருத்தமும் போக முடியும். நீங்கள் நேராக ஸ்பாட்டிஃபைக்கு எழுதினால், உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேளுங்கள் என்றுதான் பதில் வரும். கலைஞர் படம், அறிமுகக் குறிப்பு போன்றவற்றை மட்டும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக நீங்களே மாற்றலாம். பாட்டு வேறு ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அதைச் சொல்லவும் அங்கே வழி இருக்கிறது. மற்றதற்கெல்லாம் அந்த அண்ணனின் தயவு வேண்டும். அதனால்தான் அவரோடு இப்போதே சண்டைக்குப் போகாதீர்கள் என்கிறேன்.

எது திருத்தம், எது வேறு பாட்டு?

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. அது அந்த ஒலிப்பதிவின் அடையாள எண், நம் ஐசி (அடையாள அட்டை) எண் மாதிரி. வெளியீடு முழுவதற்கும் யூபிசி என்று தனி எண். உங்கள் ஐஎஸ்ஆர்சி 'எம்-ஒய்' என்று தொடங்காமல் வேறொரு நாட்டு எழுத்தில் தொடங்குகிறது, பாட்டு வெளிநாட்டுக்காரனுக்குப் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை தம்பி. அந்த முன்னெழுத்துகள் எண்ணைக் கொடுத்தவர் எங்கே பதிந்திருக்கிறார் என்பதைச் சொல்கின்றன. உரிமையாளர் யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாளைக்கு உரிமை கை மாறினாலும் அந்தப் பதிவுக்கு அதே எண்தான்.

பாடகியின் பெயர், பாடலாசிரியர், அட்டைப்படம், மொழி, உரிமை வரி ஆகியவை எல்லாம் விவரத்தாள் சமாச்சாரம். எண் மாறாது, 38,000 அப்படியே இருக்கும். பாடகியின் பெயரை 'இசட்-எச்' போட்டு மாற்றினால் மட்டும் போதாது. அவருடைய பழைய பக்கத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் சரியான எழுத்தில் மூன்றாவது பக்கம் ஒன்று முளைக்கும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிவிஷன் விஷயம் அப்படியல்ல. ஒரு வரியை மறுபடி பாடி, கலவையைத் திறந்து, புதிதாக மாஸ்டர் செய்தால் அது வேறு பதிவு. வேறு பதிவுக்கு வேறு ஐஎஸ்ஆர்சி, என்பதே முறை. சிறு ஒலிப்பிழைக்காகக் கோப்பை மாற்றிக்கொள்ள விடும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் உண்டு. பலர் அதற்கும் விடுவதில்லை, எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்று என்பார்கள். மறுபடி பாடியதைப் பழைய எண்ணிலேயே நுழைத்துவிடலாம் என்று யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பதிவு என்றால், எந்தக் கணக்கு எந்தப் பதிவுக்கு என்பது பின்னால் யாருக்கும் விளங்காது.

அழித்தால் என்ன போகும்? அந்த இணைப்பு செத்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததெல்லாம் வெறும் பக்கத்துக்குப் போகும். யார் யாரோ தங்கள் பிளேலிஸ்டில் சேர்த்தது சாம்பல் நிறமாகிவிடும். ரீல்ஸில் உங்கள் பாட்டைப் போட்டு ஆடியவர்களின் சத்தம் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. சில வருடங்களுக்கு முன், வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர் ஒருவர் கோபத்தில் இதைச் செய்துவிட்டு அப்புறம் வந்தார். புதிய பதிவேற்றம் பூஜ்யத்தில் நின்றது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் பதிவுக்கான ராயல்டி கணக்கில் சேர்க்கிறது. அவருடைய பாட்டு அந்தக் கோட்டை மறுபடி தாண்ட எத்தனையோ மாதம் ஆயிற்று.

கணக்கு அவருடையது, பாட்டும் அவருடையதா?

இங்கேதான் நான் வக்கீலாகப் பேசவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு என்பது தபால் அனுப்பும் இடம். உள்ளே இருப்பது யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் என்பவர் அந்தப் பதிவு நடப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தவர். மைக் முன்னால் உட்கார்ந்தவர், பொத்தானை அழுத்தியவர் என்று அர்த்தமில்லை. பாடகியைக் கூப்பிட்டது, மேளக்காரர்களைச் சேர்த்தது, நாள் குறித்தது, காசு கொடுத்தது எல்லாம் நீங்கள். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், செய்யச் சொன்னவருக்குப் போனதாகவே கருதுகிறது. ஆக இரண்டு வழியிலும் காற்று உங்கள் பக்கம் வீசுகிறது. 1,500 வெள்ளி அனுப்பிய வங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். "ரேட்டைக் குறைச்சுக்கிறேன், என் லேபிள்ல போட்டுக்கிறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப, நீங்கள் "ஓகே அண்ணே, உங்க லேபிள்லயே போடுங்க" என்று தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். "அது சும்மா வாட்ஸ்அப்தானே, கையெழுத்து எதுவும் போடலையே" என்கிறீர்கள். அப்படி லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிப்புரிமையைக் கைமாற்றவோ, பயன்படுத்த அனுமதிக்கவோ எழுத்து வேண்டும் என்பது 27ஆம் பிரிவு. சரி. ஆனால் 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம், பிறகு எடுத்துப் பார்க்கக்கூடிய மின்செய்தியையும் எழுத்தாக ஏற்கிறது. என் பார்வையில் உங்கள் பதில் அவர் லேபிளில் வெளியிடக் கொடுத்த அனுமதி. உரிமையையே எழுதிக்கொடுத்ததாக அதைப் படிக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு மாதிரிப் படிக்கலாம். அதனால் அந்த உரையாடலில் ஒரு வரியையும் அழிக்காமல் முழுதாக எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பாதகமான வரியையும்தான்.

ஆப்பில் பாட்டின் அடியில், வட்டத்துக்குள் 'பி' போட்டு ஒரு பெயர் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாருடையது என்று சொல்லும் வரி அது. இப்போது அங்கே ஸ்டூடியோவின் பெயர். அதை மாற்றுவதும் விவரத்தாள் திருத்தம்தான், எண் மாறாது. ஆனால் யாருடைய பெயரை அங்கே போடுவது? 'எங்கள் குழு' என்று கடிதம் முழுக்க எழுதுகிறீர்கள். குழு ஆர்.ஓ.எஸ்.ஸில் (சங்கப் பதிவு இலாகாவில்) பதிவு செய்யப்படவில்லை. பதிவில்லாத குழு தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முடியாது. ஏழு பேரும் உட்கார்ந்து, யார் பெயரில் இருக்கும், வருவதை எப்படிப் பங்கு போடுவது, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காசு கொஞ்சமாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

யூடியூப் கிளெய்ம் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டரிடம் கன்டென்ட் ஐடி வசதியை அவர் போட்டுவிட்டிருக்கிறார். இயந்திரம் கோயில் வீடியோவில் உங்கள் பாட்டைக் கேட்டுப் பிடித்துவிட்டது. கிளெய்ம் என்பது சேனலைத் தண்டிக்கும் ஸ்ட்ரைக் அல்ல, கமிட்டியின் சேனலுக்கு ஆபத்தில்லை. அந்த அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் சொன்னால் விடுவித்துவிடுவார்கள். அவர் அசையாவிட்டால் கமிட்டி மறுப்புத் தெரிவிக்கலாம், கிளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள்.

பெரியவரின் பெயர்

உங்கள் நான்கு சிக்கலில் நீங்கள் இதை இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் வைப்பேன்.

அவர் வரிகளை நீங்கள் கேட்டு எழுதவில்லை, காசுக்கும் எழுதவில்லை. ஆகவே முன்பு சொன்ன 26ஆம் பிரிவு விதி இங்கே பொருந்தாது. வரிகளின் உரிமை அவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 50 வருடம் அவர் வாரிசுகளுக்கு. இதை நீங்களும் கவனிக்க வேண்டும் தம்பி. "பாடிக்கோங்கய்யா" என்று அவர் கோயில் வாசலில் வாயால் சொன்னது மனசுக்குப் போதும், 27ஆம் பிரிவுக்குப் போதாது. ஸ்டூடியோக்காரர் எழுத்து கொடுக்கவில்லை என்று நீங்கள் சொல்வதுபோலவே நாளைக்குப் பெரியவரின் பிள்ளைகள் உங்களைச் சொல்லலாம். அவரிடம் ஒரு எளிய அனுமதிக் கடிதம் வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம்.

அவர் பெயரை மறைத்து வேறு பெயரில் வெளியிடுவது தனிக் குற்றச்சாட்டு. 25ஆம் பிரிவு, படைப்பாளிக்குத் தன் பெயரால் அறியப்படும் உரிமையைத் தருகிறது. உரிமையை விற்றுவிட்டாலும் இது அவரோடு இருக்கும். "பேரு போடலேன்னாலும் பரவாயில்லைய்யா" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறை அப்படித்தான் சொல்லும். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே நேரத்தில், ஸ்டூடியோக்காரர் திட்டமிட்டுத் திருடினார் என்ற உங்கள் முடிவையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பாடலாசிரியரின் முழுப்பெயர் இல்லாமல் பல டிஸ்ட்ரிபியூட்டர்களின் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியவரின் ஐசிப் பெயர் தெரியாமல் தன் பெயரைத் தட்டிவிட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் எனக்கே மூன்று பேரைத் தெரியும். இவரும் அந்த ரகமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஆப்பில் பெயர் மாறினால் எழுத்தாளருக்கான பணமும் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாட்டு ஒலிபரப்பாகும்போதும் பொது இடத்தில் ஒலிக்கும்போதும் எழுதியவருக்குச் சேரவேண்டியதை வசூலிப்பது எம்ஏசிபி என்ற அமைப்பு. அதில் பெரியவர் உறுப்பினராகி, இந்தப் பாட்டைத் தனியாகப் பதிய வேண்டும். மெட்டு வழிவழியாக வந்த உருமி மெட்டு என்கிறீர்கள். அப்படியானால் இசையமைப்பாளர் இடத்தில் மரபு மெட்டு என்றே போடுங்கள். யாரும் தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டாம், நீங்கள் உட்பட.

ஏழு வாரத்தில்

இந்த வாரமே அந்த அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். குற்றச்சாட்டு வேண்டாம். திருத்த வேண்டிய பெயர், பாடகியின் பக்க முகவரி, பாடலாசிரியர் பெயர், கிளெய்மை விடுவிக்க வேண்டிய வீடியோ ஆகியவற்றை ஒரே தாளில் கொடுங்கள். கூடவே ஐஎஸ்ஆர்சி, யூபிசி இரண்டையும், இதுவரை வந்த தொகையின் கணக்கையும் கேளுங்கள். பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது, மொத்த வருமானத்தில் உங்கள் பங்குதான் வரும். ஏழு பேர் பிரித்தால் சில நாள் பசியாறக் காணும். அவருடைய கணக்கு வருடச் சந்தாவா என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் சந்தா கட்டாவிட்டால் பாட்டு தானாக இறங்கிவிடும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் வக்கீல் கடிதம். அதற்கு முன்பே, உரிமை உங்களுடையது என்று கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னால் ஒரு சத்தியப் பிரமாணம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை வழக்கில் அது முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை செல்லும் சான்றாக, நிற்கும் என்று 42ஆம் பிரிவு சொல்கிறது. மைஐபிஓவில் (அறிவுசார் சொத்துக் கழகத்தில்) தாமாக அறிவித்துப் பதியவும் வழி உண்டு. பதியாவிட்டால் உரிமை இல்லை என்று அர்த்தமில்லை, பதிந்தால் கையில் ஒரு தாள் கூடுதல்.

அவர் ஒத்துக்கொண்டு பாட்டைக் கொடுத்துவிட்டால், உங்கள் கணக்குக்கு மாற்றும்போது வரிசை முக்கியம். அதே கோப்பு, அதே ஐஎஸ்ஆர்சி, அதே யூபிசி, அதே எழுத்தில் பெயர்கள். முதலில் உங்கள் பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். அது உயிரோடு வந்து, எண்ணிக்கையும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவர் பழையதை இறக்க வேண்டும். சில நாள் இரண்டும் தெரிந்தால் தெரியட்டும்.

மூன்றாம் டிவிஷனுக்கு என் யோசனை இது. பழைய பதிவை அப்படியே விடுங்கள். சரியான வரியோடு, முடிந்தால் கோயிலடியில் முழு மேளத்தோடு, ஆடித் திருவிழா வெர்ஷன் என்று ஒரு புதிய பதிவு செய்யுங்கள். புது ஐஎஸ்ஆர்சி, உங்கள் சொந்தக் கணக்கு. வெர்ஷன் என்பதைப் பாட்டின் பெயரோடு ஒட்டாமல் அதற்கென்று உள்ள கட்டத்தில் எழுதுங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாளுக்கு முன் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் பாட்டை முன்வைத்தால், பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அது வந்து நிற்கும். நான்கு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது, அட்டைப்படம் திரும்பி வந்தால் திருத்த நேரம் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போய் அவருடைய ஐசியைப் பாருங்கள். நடுவில் உள்ள 'ஏ/எல்'லை (இன்னார் மகன் என்ற குறி) பல படிவங்கள் சாய்கோடு என்று தள்ளிவிடும். அதை எடுத்துவிட்டு அவர் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரை இன்னொன்றிலும் எழுதலாம். எம்ஏசிபிக்கு ஐசியில் உள்ளபடி. ஆப்பில் தெரியவேண்டிய பெயர் எது, ரோமன் எழுத்தில் எப்படி என்பதை ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அவரைக் கூப்பிடும் பெயரைத்தான் போடச் சொல்வார் என்று நினைக்கிறேன்.